இளிவும் இழவும் எண்ணப்போக்கும்: மனச்சோர்வுக்கு ஆட்படும் தன்மை பற்றிய அலாய் – ஏப்ரம்சன் ஆய்வுகள் குறித்த ஒரு தமிழியல் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

துன்ப நிகழ்வு ஒன்றுக்கு ஒருவர் கற்பிக்கும் காரணமே அவரை மனச்சோர்வுக்கு ஆட்படுத்துகிறது என்பது அமெரிக்க மருத்துவ உளவியல் பேராசிரியர்களான லாரன் அலாய், லின் ஏப்ரம்சன் ஆகியோர் நிறுவ முயன்ற கருத்து. இக்கருத்தைத் தமிழ்ச் சூழலுக்குக் கொண்டுவரும்போது கலைச்சொல், காரணங்கூறும் வழக்கு, நிகழ்வின் வகைமை ஆகிய மூன்றிடங்களில் நேரும் இடர்ப்பாடுகளைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், புறநானூறு, திருக்குறள், பாமாவின் ‘கருக்கு’ ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மனச்சோர்வு, ஆட்படுதன்மை, எண்ணப்போக்கு, மெய்ப்பாடு, அழுகை, ஊழ்.

கோட்பாடும் அதன் சோதனையும்

ஒரே தேர்வில் தோற்ற இருவருள் ஒருவர் இரண்டு நாள் வருந்திவிட்டு மீள்கிறார்; மற்றவர் மாதக்கணக்கில் மீள்வதில்லை. நிகழ்வு ஒன்றாக இருக்க, விளைவு ஏன் வேறுபடுகிறது என்னும் வினாவிலிருந்தே இவ்வாய்வுமரபு தொடங்குகிறது. ஆரன் பெக் 1960களில் தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் ஒருவர் கொள்ளும் எதிர்மறை எண்ணங்களை மனச்சோர்வின் உள்ளீடாகக் கண்டார். மார்ட்டின் செலிக்மனும் உடன் ஆய்ந்தோரும் அதே காலத்தில், தப்ப வழியற்ற வலிக்கு ஆளான விலங்கு பின்னர் வழி திறந்திருந்தும் முயலாது கிடப்பதைக் கண்டு ‘கற்றுக்கொண்ட இயலாமை’ எனும் கருத்தை முன்வைத்தனர். விலங்கைப் பற்றிய அக்கருத்தை மனிதர்க்கு உரியதாக்கிய முயற்சி 1978இல் நிகழ்ந்தது. ஏப்ரம்சன், செலிக்மன், ஜான் டீஸ்டேல் ஆகிய மூவரும் மனிதர் துன்பத்தைப் பட்டறிவதோடு நில்லாமல் அதற்குக் காரணமும் தேடுகின்றனர் என்றனர். அக்காரணம் தன்னிடத்ததா புறத்ததா, நிலைத்ததா மாறுவதா, வாழ்வு முழுதும் பரவியதா ஓரிடத்தில் நிற்பதா என மூன்று அளவைகளை வகுத்தனர்.

1989இல் ஏப்ரம்சன், ஜெரால்ட் மெட்டால்ஸ்கி, அலாய் ஆகியோர் இதைத் திருத்தி ‘நம்பிக்கையிழப்புக் கோட்பாடு’ ஆக்கினர். திருத்தம் சிறிதன்று. காரணம் தன்னிடத்ததா என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டது. நிலைத்தது, எங்கும் பரவியது என்னும் இரண்டும் முன்னுக்கு வந்தன. அவற்றோடு, ‘இதனால் இனி என்னவெல்லாம் கெடும்’ எனும் விளைவு பற்றிய ஊகமும், ‘இது என்னைப் பற்றி எதைக் காட்டுகிறது’ எனும் தன்மதிப்பு பற்றிய ஊகமும் சேர்க்கப்பட்டன. இத்தகைய எண்ணப்போக்கு தனித்து நோயை உண்டாக்காது. துன்ப நிகழ்வு வந்து சேரும்போதே அது செயற்படும்.

கோட்பாட்டைச் சோதிக்க டெம்பிள் பல்கலைக்கழகத்தில் அலாயும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஏப்ரம்சனும் மேற்கொண்ட கூட்டாய்வே இத்துறையின் பெரும்பணி. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்கள் இரு வினாநிரல்களுக்கு விடையளித்தனர். அவ்விரண்டிலும் உச்சக் காற்பகுதியில் இருந்தோருள் 173 பேரும் அடிக் காற்பகுதியில் இருந்தோருள் 176 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தேர்வின்போது இவர்களுள் எவரும் மனச்சோர்வில் இல்லை. இரண்டரை ஆண்டுகள் ஆறு வாரத்துக்கு ஒருமுறையும் பின்னர் மூன்றாண்டுகள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் இவர்கள் நேர்காணப்பட்டனர். அதற்குமுன் மனச்சோர்வு கண்டிராதோரிடையே, எதிர்மறை எண்ணப்போக்கு உடையவர்க்கு முதன்முறையாக மனச்சோர்வு தோன்றியது மற்றவர்க்குத் தோன்றியதைவிடப் பல மடங்கு மிகுதி எனக் கண்டறியப்பட்டது.

நோய் வந்தபின் நோயாளியின் எண்ணத்தை அளந்து, ‘எண்ணமே காரணம்’ என்றுரைக்கும் வட்டத்திலிருந்து இவ்வாய்வு விடுபட்டது. எண்ணத்தை முன்னே அளந்து நோய்க்காகப் பின்னே காத்திருந்தது. முறையியல் நேர்மையில் இதற்கு ஈடான பணிகள் குறைவு. கீழே வரும் மறுப்புகள் இம்மதிப்பைக் குறைப்பன அல்ல. வேறொரு மொழிக்குள் இக்கோட்பாடு நுழையும் வாயிலில் எழுவன.

காரணமும் காரியமும் ஒரே சொல்லில்

முதல் இடர் கலைச்சொல்லில் உள்ளது. இக்கோட்பாட்டின் கட்டமைப்பு இரண்டு சொற்களின்மேல் நிற்கிறது: வெளியிலிருந்து வரும் நெருக்கடி ஒன்று, அதன்பின் உள்ளே நிகழும் சோர்வு மற்றொன்று. முன்னது காரணத்தின் பகுதி, பின்னது காரியம். தமிழில் உளவியல் நூலோர் முன்னதை மன அழுத்தம் என்றும் பின்னதை மனச்சோர்வு என்றும் பிரித்தெழுதுவதுண்டு. ஆனால் நாளிதழ்களும் தொலைக்காட்சியும் கல்லூரி விழிப்புணர்வுச் சுவரொட்டிகளும் இரண்டையும் ‘மன அழுத்தம்’ என்றே வழங்குகின்றன. ஆய்வேடுகளும் இதற்கு முற்றிலும் விலக்கல்ல. விளைவு, ‘மன அழுத்தத்தால் மன அழுத்தம் உண்டாகிறது’ என்னும் பொருளற்ற வாய்பாடு. காரணமும் காரியமும் ஒரு சொல்லில் கலந்தபின், இடையில் எண்ணப்போக்கு நின்று வினையாற்றுகிறது என்பதைச் சொல்ல இடமே இல்லாமற் போகிறது.

‘ஆட்படுதன்மை’ எனும் தொடரும் இங்குக் கருதத்தக்கது. ‘பலவீனம்’ என்று பெயர்த்தால் அது ஆளின் குறையாகிவிடுகிறது. ‘கோழைத்தனம்’ என்பதற்கு அது வெகு தொலைவில் இல்லை. ஆட்படுதல் என்னும்போது ஆள்வதற்கு வேறொன்று உண்டு என்பது சொல்லிலேயே நிற்கிறது. கோட்பாடு கருதுவதும் அதுவே.

சொற்பொருள் மட்டுமன்றி, அளக்கும் கருவியும் முடிவை எவ்வளவு மாற்றும் என்பதற்குச் சென்னையே சான்று. பூங்கோதை, வி. மோகன் முதலியோர் 2009இல் வெளியிட்ட நகர்ப்புற ஆய்வு, சென்னையில் 25,455 பேரிடம் வினாநிரல் வழி மனச்சோர்வை அளந்து 15.1 விழுக்காடு எனக் கண்டது. தேசிய மனநலம் மற்றும் நரம்பறிவியல் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய கணக்கெடுப்பு, நோயறி நேர்காணல் வழி நடப்பு மனச்சோர்வை ஏறத்தாழ 2.7 விழுக்காடு என மதிப்பிட்டது. இடமும் மக்களும் வேறாதலின் இரண்டையும் நேர்நிறுத்தி ஒப்பிடுதல் கூடாது. எனினும் ‘சோர்வாக உணர்கிறீர்களா’ என்ற வினாவுக்கு வரும் விடையும், மருத்துவர் நோயென்று துணிவதும் ஒன்றல்ல என்பது வெளிப்படை. சென்னை ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு: வருவாய் குறைந்தோரிடையே 19.3 விழுக்காடு, மிகுந்தோரிடையே 5.9 விழுக்காடு. மணமுறிவுற்றோரிடமும் துணையை இழந்தோரிடமும் மணவாழ்வில் உள்ளோரைவிட அளவு மிகுதி. எண்ணப்போக்கைப் பற்றிப் பேசுமுன் இழப்பையும் வறுமையையும் பற்றிப் பேசவேண்டும் என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன.

அழுகைக்குரிய நான்கும் நிகழ்வின் வகைமையும்

நம்பிக்கையிழப்புக் கோட்பாடு எண்ணத்தை நுணுகி வகுத்த அளவுக்கு நிகழ்வை வகுக்கவில்லை. நிகழ்வு எதிர்மறையானது என்பதே அதற்குப் பெரிதும் போதுமானதாக இருந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு நேர்மாறான பாதையில் செல்கிறது. அழுகைக்கு அது கூறும் நிலைக்களன்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பேராசிரியர் உரையின்படி இளிவு பிறரால் இகழப்பட்டு எளியராதல். இழவு தாய் தந்தை முதலிய சுற்றத்தையும் இன்ப நுகர்ச்சியையும் இழத்தல். அசைவு முன்னைய நிலை கெட்டு வருந்துதல். நான்காவதான வறுமையிடத்தே உரையாசிரியர் எதிர்பாராத ஒரு திருப்பம் செய்கிறார். பொருளின்மையோடு நில்லாமல், துய்க்கப் பெறாத நிலையில் உள்ளத்தில் நிற்கும் பற்றையே வறுமை என்கிறார். புறநிகழ்வுகளின் வரிசை இவ்வாறு உரைக்குள் ஓரிடத்தில் மனத்துக்குள் புகுகிறது.

இவ்விடத்தில் தமிழாய்வில் வழக்கமாகிவிட்ட ஒரு துணிபைத் தவிர்த்தாக வேண்டும். உளவியல் இன்று கண்டதைத் தொல்காப்பியர் அன்றே கண்டார் என்பது அத்துணிபு. அழுகை நோயன்று, செய்யுளில் காண்போர்க்கும் கேட்போர்க்கும் புலனாகும் மெய்ப்பாடு. இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு வாழ்வில் நாட்டமற்றுக் கிடக்கும் நிலையைப் பற்றி மெய்ப்பாட்டியல் பேசவில்லை. முன்னறிந்தார் என்று பெருமை கொள்வதால் தொல்காப்பியத்துக்கும் உளவியலுக்கும் ஒருங்கே தீங்கு நேர்கிறது.

ஒப்பிடத்தக்கது வேறொன்று. இலண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிசும் செய்து 1978இல் நூலாக வெளியிட்ட ஆய்வு, மனச்சோர்வின் தோற்றத்தைக் கடுமையான வாழ்க்கை நிகழ்வுகளில் தேடியது. பிரவுனின் பின்னைய ஆய்வுகள் இழப்பு, இழிவுபடுத்தப்படுதல், மீளவழியற்று அகப்படுதல் என நிகழ்வுகளை வகைப்படுத்தி, வெறும் இழப்பினும் இழிவும் அகப்படுதலும் கொடியவை எனக் காட்டின. மெய்ப்பாட்டியலின் நான்கோடு இது முழுதும் பொருந்தாவிடினும், துன்பங்கள் எல்லாம் ஓரினத்தன அல்ல என்பதில் இரண்டும் உடன்படுகின்றன. ஆட்படுதன்மை எனும் சொல்லையே பிரவுனும் ஹாரிசும் வேறு பொருளில் ஆண்டனர் என்பது அதனினும் சுவையானது. பதினொரு வயதுக்குள் தாயை இழத்தல், வீட்டில் சிறு குழந்தைகள் மூவரோ அதற்கு மேலோ இருத்தல், மனம்விட்டுப் பேச ஒருவர் இல்லாமை, வேலையின்மை ஆகியன அவர்கள் கண்ட ஆட்படுதன்மைகள். அலாயும் ஏப்ரம்சனும் மனத்துக்குள் வைத்ததை இவர்கள் வீட்டுக்குள் வைத்தனர். தமிழ்ச் சூழலில் செய்யப்படும் ஆய்வு இரண்டையும் அளக்காவிடில், வறுமையால் விளைந்ததை எண்ணத்தின் கணக்கில் எழுத நேரும்.

காரணம் கூறாத துயரம்

எண்ணப்போக்கு வினாநிரல் செயற்படும் முறை எளியது. ஒரு துன்ப நிகழ்வு தரப்படும். அது தமக்கு நேர்ந்ததாகக் கருதி அதற்குரிய தலையாய காரணம் ஒன்றை விடையளிப்பவர் எழுதவேண்டும். பின் அக்காரணத்தை ஏழு புள்ளி அளவில் மதிப்பிடவேண்டும். துன்புறுவோர் காரணம் தேடுவர் என்பது இதன் அடிப்படை நம்பிக்கை.

பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டை இவ்வினாநிரலின் முன் வைத்தால் காரணத்துக்குரிய இடம் வெறுமையாகவே நிற்கும். ஐந்தே அடிகள் கொண்ட அப்பாட்டில் ஒரு நிலவின்போது தந்தையும் குன்றும் இருந்தமையும், மறு நிலவின்போது இரண்டும் இல்லாமையும் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. இழவும் அசைவும் ஒருங்கே நேர்ந்த இடம் அது. வேந்தர் குன்றைக் கொண்டனர் என்ற செய்தி உண்டு. அவர்மேல் பழி இல்லை. ஊழ் இல்லை, ‘எம் குறை’ என்பதும் இல்லை. எதிர்காலம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் தமிழில் இதனினும் ஆழ்ந்த துயரப் பாட்டைக் காட்டுதல் அரிது. ‘ஏன்’ என்னும் வினாவைப் புகாமலே துயரம் முழுமை அடையக்கூடும் என்பதற்கு இது சான்று.

பாட்டு, மன்பதையின் மாதிரி ஆகாது என்று மறுக்கலாம். மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயின் ஒப்பாரியிலும் இழவு வீட்டுப் பேச்சிலும், இருந்ததையும் இல்லாததையும் எதிரெதிர் நிறுத்தும் இம்முறையே மிகுதி என்பதைத் தமிழ் நாட்டார் வழக்காற்றை அறிந்தோர் மறுக்கமாட்டார். காரணம் எழுதச் சொல்லும் வினாநிரல், அம்மக்கள் கூறாத ஒன்றை அவர்களைக் கூறவைத்து, அதையே அவர்தம் எண்ணப்போக்கு எனப் பதிவு செய்துவிடும் இடர் இங்கு உள்ளது.

ஊழும் நேரமும் ஏழரைச் சனியும்

காரணம் கூறும்போதும் சிக்கல் தீர்வதில்லை. ‘எல்லாம் தலையெழுத்து’ என்பவர் கூறும் காரணம் புறத்தது, நிலைத்தது, வாழ்வு முழுதும் பரவியது. 1978ஆம் ஆண்டுக் கோட்பாட்டின்படி, தன்னைக் காரணமாக்காமையால் இவருடைய தன்மதிப்பு தப்பும். 1989ஆம் ஆண்டுக் கோட்பாட்டின்படி இவர் இடர்மிக்கவர். ஒரே விடை, பத்தாண்டு இடைவெளியில் இரு மதிப்பெண் பெறுகிறது. ‘நேரம் சரியில்லை’ என்பவரோ வேறு. அவர் கூறுவதும் எங்கும் பரவியதே. ஆனால் நேரம் மாறும். ஏழரைச் சனி என்பவர் இன்னும் நுட்பமாகக் கணக்கிடுகிறார்: தொல்லை எல்லாவற்றிலும் உண்டு, ஆனால் ஏழரை ஆண்டுக்குப் பின் இல்லை. ஏழு புள்ளி அளவுகோலில் இதற்கு எப்புள்ளி இடுவது? நம்பிக்கையிழப்பை முடிவுநாள் குறித்துத் தடுத்து நிறுத்தும் இவ்வழக்கு மூடநம்பிக்கையாகவே இருக்கட்டும்; அது அளவுகோலுக்குள் அடங்கவில்லை என்பதே இங்குக் கருதவேண்டியது. இவற்றோடு ‘ராசியில்லாதவள்’ என்பதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அது தன்னிடத்தது, நிலைத்தது, பரவியது. மேலும் பெண் தானாக வந்தடைந்த எண்ணமன்று, வீடும் தெருவும் அவள்மேல் ஏற்றியது.

திருக்குறளிலும் இக்காரண வழக்கு ஒருமுகமாக இல்லை. ஊழ் அதிகாரம் ஊழின் வலிமையை எதனாலும் விஞ்சவியலாதது எனக் கொண்டு 380ஆம் குறளில் முடிகிறது. ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 620ஆம் குறள் தளராது முயல்வோர் அவ்வூழையே பின்னிடச் செய்வர் என்கிறது. முரண் என்று உரைகாரர் பலர் அமைதி தேடியுள்ளனர். எண்ணப்போக்கு நோக்கில் காணும்போது, துன்பத்துக்குக் கூறும் காரணமும் இனிச் செய்வதற்குக் கொள்ளும் துணிவும் ஒரே மனத்தில் தனித்தனியே நிற்கவல்லவை என்பதற்கு அது சான்றாகிறது. அடுத்து வரும் இடுக்கண் அழியாமை அதிகாரத்தில் 628ஆம் குறள் துன்பத்தை இயல்பு எனக் கொள்பவர் துன்புறுவதில்லை என்னும் கருத்தைத் தருகிறது. துன்பம் எங்கும் உளது, என்றும் உளது என்பதே இவ்வெண்ணம். வினாநிரல் இதை உச்ச இடராக எண்ணும். குறளோ இதையே காப்பாகத் தருகிறது.

உண்மையான எண்ணம்

எண்ணப்போக்கு ஆய்வுகளுக்கு ஓர் உள்முரண் தொடக்கம் முதலே உண்டு. அலாயும் ஏப்ரம்சனும் 1979இல் வெளியிட்ட சோதனையில், விளைவைத் தாம் எந்த அளவு கட்டுப்படுத்துகிறோம் என்பதைச் சோர்வுற்ற மாணவர்கள் பெரிதும் சரியாகவே மதிப்பிட்டனர். சோர்வற்றோரே தம் ஆற்றலை மிகுத்துக் கொண்டனர். பின்னர் வந்தோர் இம்முடிவின் எல்லையைச் சுருக்கியுள்ளனர். எனினும் அது எழுப்பிய வினா நிலைத்தது: இடர்தரும் எண்ணம் பிழையான எண்ணமாகவே இருக்கவேண்டுமா?

பாமாவின் ‘கருக்கு’ (1992) இவ்வினாவைத் தமிழ்நாட்டுத் தெருவில் எழுப்புகிறது. தன் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கைபடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் கண்டு சிறுமி சிரிக்கிறாள். அண்ணனிடம் சொல்லியும் சிரிக்கிறாள். அவர் சிரிக்கவில்லை, சாதியே காரணம் என விளக்குகிறார். பின்னொருமுறை, இச்சாதியில் பிறந்ததால் மதிப்புத் தரமாட்டார்கள், படித்து முன்னேறினால் இவ்விழிவைத் தூக்கி எறியலாம் என்கிறார். அலாய் குழுவினர் பெற்றோர் பிள்ளைக்கு எடுத்துரைக்கும் காரணங்கள் பிள்ளையின் எண்ணப்போக்கை உருவாக்குவதில் பங்கு கொள்வதாகக் கண்டனர். இங்கு அண்ணன் தருவது அத்தகைய காரணமே. அது நிலைத்தது, எங்கும் பரவியது, அதனோடு உண்மையானது. அதைக் கேட்டு எழுந்தது நம்பிக்கையிழப்பன்று, சினம், பின் படிப்பு.

ஏன் இவ்வாறு என்பதற்குக் கோட்பாட்டுக்குள்ளேயே விடை உள்ளது. காரணம், விளைவு, தன்மதிப்பு என்னும் மூன்று ஊகங்களில் அண்ணன் முதலாவதை மட்டுமே நிலைத்ததாக வைத்தார், இரண்டாவதைத் திறந்துவிட்டார், மூன்றாவதைத் தொடவிடவில்லை. மூன்றையும் கூட்டி ஒற்றை எண்ணாக்கும் வழக்கம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. கூட்டாமல் மிக நலிந்த கண்ணியைத் தனித்துப் பார்க்கவேண்டும் என்று ஜான் அபேலா 2002இல் முன்வைத்த கருத்து தமிழ்ச் சூழலுக்கு மிகவும் வேண்டப்படுவது. கூட்டலே நீடித்தால், தமக்கு இழைக்கப்படும் இளிவின் காரணத்தைச் சரியாகக் கூறும் மாணவர் ‘இடர்மிக்க எண்ணப்போக்கினர்’ எனக் குறிக்கப்படுவர். திருத்தப்படவேண்டியது அவர்தம் எண்ணம் என்றாகும். இளிவு செய்தோர் ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்பர்.

விடுதி அறை

டெம்பிளும் விஸ்கான்சினும் முதலாண்டு மாணவரைத் தேர்ந்ததற்கு இணையான களம் தமிழ்நாட்டில் வேண்டுமெனில், ஆவடியை அடுத்த வெள்ளானூர் போன்ற மேற்குப் புறநகர்களே அதற்கு இயல்பானவை. பொறியியல் கல்விக்காக வெளிமாவட்டங்களிலிருந்து வரும் மாணவர்கள் வீட்டைப் பிரிந்து விடுதிகளில் வாழும் இடம் அது. அவர்களுள் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் உளர். அங்கு நிகழும் துன்பங்கள் அமெரிக்க வினாநிரலின் துன்பங்கள் அல்ல. முன்னோடி வினாநிரலில், ஆணும் பெண்ணுமாய் விரும்பிச் சந்தித்த பொழுது நன்றாக அமையாமற் போவது ஒரு நிகழ்வாக இடம்பெற்றது. விடுதி மாணவிக்கு அது நேருமுன், அது வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்பதே நிகழ்வாகும். அரியர் விழுதல், வளாகத் தேர்வில் பெயர் வராமை, கட்டணத்துக்கு வாங்கிய கடன், ஆங்கிலத்தில் தடுமாறியபோது வகுப்பு சிரித்தது ஆகியவை அங்குள்ள நிகழ்வுகள். கடைசியாகக் கூறியது இளிவு; கடன் வறுமை; ஊர்ப்பள்ளியில் முதலிடம் பெற்றவர் இங்குக் கடைநிலையில் நிற்பது அசைவு. மெய்ப்பாட்டியலின் வகைமை பழம்பெருமைக்காக அன்றி, நிகழ்வுகளைத் திரட்டும் பணியில் தொடக்கச் சட்டகமாகப் பயன்படக்கூடும் இடம் இது.

ஜெரால்ட் ஹெஃபலும் ஜெனிபர் ஹேம்சும் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் செய்து 2014இல் வெளியான ஆய்வு இங்கு நேரடியாகப் பொருந்தும். விருப்பத் தேர்வின்றி ஓரறையில் சேர்க்கப்பட்ட 103 இணை முதலாண்டு மாணவரிடையே எண்ணப்போக்கு ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியது. எதிர்மறை எண்ணப்போக்கு மிக்கவருடன் தங்கியவரின் அளவு காலப்போக்கில் உயர்ந்தது. குறைந்தவருடன் தங்கியவரின் அளவு தாழ்ந்தது. நிலைத்த பண்பாகக் கருதப்பட்ட ஆட்படுதன்மை, புதிய இடத்துக்குப் பெயர்ந்த இளைஞரிடம் மாறக்கூடியதாக இருந்தது. அறைத்தோழர் ஒருவர் அரியர் விழுந்த இரவில் ‘நமக்கெல்லாம் இது வராதுடா’ என்று சொல்வதற்கும், ‘அந்தப் பேப்பரே அப்படித்தான், அடுத்த செம்ல தூக்கிரலாம்’ என்று சொல்வதற்கும் இடையே கோட்பாட்டின் முழு வேறுபாடும் அடங்கியுள்ளது. முன்னதில் ‘நமக்கெல்லாம்’ என்னும் ஒரு சொல்லில் ஊரும் சாதியும் பள்ளியும் சேர்ந்தே வருகின்றன. அதை ஒரு தனிமனித எண்ணமாக மட்டும் மதிப்பிடவியலாது. தமிழில் எண்ணப்போக்கு வினாநிரல் ஒன்று உருவாகுமாயின், அதன் முதற்பணி ஆங்கில நிரலைப் பெயர்ப்பதன்று. இத்தகைய அறைகளில் வழங்கும் இச்சொற்களைத் திரட்டுவது.